வேனட்டுக்குப் பதில் எந்த வண்டி?

காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். எங்கள் வீட்டுப் பொன் குஞ்சுக்கு நான்கு சக்கரங்கள். பெயர் நிசான் வேனட். 1997ஆம் ஆண்டு வண்டி. 2006இல் எனக்கு மூன்று வயதாக இருந்தபோது அப்பா அதைப் பழைய வண்டியாக வாங்கினார். தமிழ்ப்பள்ளியில் நான் முதலாம் ஆண்டு சேர்ந்த அன்று என்னைக் கொண்டுபோய் இறக்கிவிட்டதும் அதுதான். பல்கலைக்கழக விடுதிக்கு என் துணிமணிகளையும் தலையணையையும் ஏற்றி வந்ததும் அதுதான்.

2024 தீபாவளி விடுமுறையில் வீட்டுக்குப் போயிருந்தேன். முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டு அப்பா மெதுவாகப் பேச்சை எடுத்தார்.

"நீதான் படிக்கிற பிள்ளையாச்சே. வேனட்டுக்குப் பதிலா என்னா வண்டி வாங்கலாம்னு பாத்துச் சொல்லும்மா. பழையபடி உள்ளுக்கு படுத்துத் தூங்கணும். அது ஒண்ணுதான் எனக்கு முக்கியம்."

செய்தி எங்கள் குடும்பப் புலனக் குழுவுக்குப் போனதும் எதிர்ப்பு கிளம்பியது. "விக்காதீங்கப்பா, அது நம்ம வண்டி" என்று ஜொகூர் பாருவிலிருந்து அக்கா எழுதினாள். ஷா ஆலாமில் இருக்கும் அண்ணன் அழுகிற முகங்கள் ஐந்தை வரிசையாகப் போட்டான். நானும் முதலில் அவர்கள் பக்கம்தான் நின்றேன். ஆனால் அப்பா கேட்ட கேள்விக்குப் பதில் தேடத் தேட என் எண்ணம் மாறியது. அது ஏன் மாறியது என்பதையும், எந்தெந்த வண்டிகளைப் பார்த்தோம் என்பதையும் இங்கே எழுதுகிறேன். இதை வாசிக்கும் உங்களில் பலர் வீட்டிலும் ஒரு வேனட் நின்றுகொண்டிருக்கும் என்பது என் நம்பிக்கை.

வேனட் என்ற வீடு

நம் நாட்டில் 'வேனட்' என்று நாம் செல்லமாக அழைப்பது சி22 என்ற வகையை. ஜப்பானில் அது 1985இல் வெளிவந்தது. 1994க்குப் பிறகு அங்கே வேனட் என்ற பெயரில் மஸ்டா நிறுவனத்தின் போங்கோ வேனே விற்கப்பட்டது. பிறந்த வீட்டில் மறைந்த வண்டி புகுந்த வீட்டில் நன்றாகவே வாழ்ந்தது. மலேசியாவில் 2000ஆம் ஆண்டுகளிலும் சி22 புதிதாக விற்கப்பட்டது. பள்ளி வேன், காய்கறி வேன், இரவுச் சந்தை வேன், கல்யாணச் சமையல் வேன் என்று அது ஏற்காத வேடம் இல்லை.

எங்கள் வீட்டில் அது படுக்கை வேன். நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம். தைப்பூசத்துக்குப் பினாங்கு, பங்குனி உத்திரத்துக்கு மாரான், பள்ளி விடுமுறைக்குக் கேமரன் மலை என்று ஆண்டுக்கு மூன்று நீண்ட பயணங்கள் கட்டாயம் உண்டு. ஆறு பேருக்கு விடுதி அறை எடுக்கும் வசதி அப்போது எங்களுக்கு இல்லை. அப்பா தமக்குத் தெரிந்த தச்சரிடம் சொல்லி மூன்று ஒட்டுப்பலகைகள் செய்து வாங்கினார். பின்னிருக்கைகளை மடக்கி, பலகைகளை அடுக்கி, மேலே மெத்தை விரித்தால் கட்டில் தயார். பாட்டி, அம்மா, அக்கா, நான் நால்வரும் உள்ளே படுப்போம். அப்பாவும் அண்ணனும் வெளியே கான்வாஸ் கட்டிப் பாயில் படுப்பார்கள். சன்னலுக்கு அம்மாவின் பழைய சேலைதான் திரை. மாரானில் விடியற்காலை மேளச் சத்தம் கேட்டு விழித்து, தள்ளு கதவைத் திறந்து, காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு பாட்டி கையால் கோப்பி வாங்கிக் குடித்த நினைவுக்கு ஈடாக எந்த ஐந்து நட்சத்திர விடுதியும் எனக்குத் தோன்றியதில்லை.

இந்த வண்டியின் அமைப்பும் இதற்கு ஒத்துழைத்தது. இஞ்சின் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. வண்டிக்கு மூக்கு கிடையாது. ஆகவே சிறிய வண்டியாக இருந்தாலும் நீளத்தின் பெரும்பகுதி உள்ளிடமாகக் கிடைக்கிறது. பின்சக்கரம் இழுப்பதால் பாரம் ஏற ஏற மேட்டில் பிடிப்பும் கூடுகிறது. இருக்கையைத் தூக்கினால் இஞ்சின் தெரியும். ஊர்ப் பட்டறையில் எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பழுது பார்ப்பார். இவ்வளவு நல்லவற்றையும் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

சிம்பாங் பூலாய் இரவு

தீபாவளிக்கு மறுநாள் அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டே ஒரு விஷயத்தைச் சொன்னார். அதற்கு மூன்று மாதங்களுக்கு முன், அப்பாவும் அம்மாவும் மட்டும் வேனட்டில் கேமரன் மலைக்குப் போயிருக்கிறார்கள். சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்கு ஏறும் சாலை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அகலமான நல்ல சாலைதான். ஆனால் ஏற்றம் விடாமல் நீண்டுகொண்டே போகும். பாதி வழியில் இருக்கைக்கு அடியிலிருந்து ஆவி கிளம்பியிருக்கிறது. ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் குழாய் வெடித்துவிட்டது. மணி இரவு ஒன்பதரை. இரண்டு பேரும் வண்டியை ஓரம் கட்டி, முக்கோணப் பலகையைப் பின்னால் வைத்துவிட்டு, விடியும் வரை உள்ளேயே படுத்திருந்திருக்கிறார்கள். கனரக வாகனம் ஒவ்வொன்றும் கடக்கும்போது வண்டி ஆடியதாம்.

"ஏம்மா எங்களுக்குப் போன் பண்ணல?"

"பண்ணா நீங்க என்னா பண்ணுவீங்க? மூணு பேரும் மூணு ஊர்ல இருக்கீங்க. வீணா பயப்படுவீங்கன்னு அப்பா வேணாம்னுட்டாரு."

அந்தக் குழாய் வெடித்ததற்கு வண்டியைக் குறை சொல்ல முடியாது. பல ஆண்டுகளாக மாற்றாமல் விட்டது எங்கள் குற்றம். ஆனால் 27 ஆண்டு வண்டியில் அப்படி மாற்றாமல் விட்டது எத்தனை இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஒன்றை மாற்றினால் அடுத்தது தன் முறைக்குக் காத்திருக்கும். அப்பாவுக்கு வயது 61. இருக்கைக்கு அடியிலிருந்து வரும் சூட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அவரால் இப்போது உட்கார முடிவதில்லை. எங்களில் யாருக்கும் அதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

எதை வைத்து ஒப்பிடுவது?

வண்டி வாங்கும்போது நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி மாதத் தவணை எவ்வளவு என்பது. இரண்டாவது கேள்வி பெட்ரோல் எவ்வளவு குடிக்கும் என்பது. இரண்டும் அவசியமான கேள்விகளே. படுத்துறங்கும் வண்டிக்கு இவற்றோடு இன்னும் ஐந்து கேள்விகள் உண்டு என்று நான் எழுதி வைத்துக்கொண்டேன்.

ஒன்று, ஆறடி நீளத்துக்குத் தளம் சமமாகக் கிடைக்குமா? அப்பாவின் உயரம் 5 அடி 9 அங்குலம். இரண்டு, பக்கக் கதவு தள்ளு கதவா? கூட்டமான கோயில் திடலில் வெளிப்பக்கம் திறக்கும் கதவு பயன்படாது. மூன்று, மூட்டுவலி உள்ள அம்மா ஏறி இறங்கும் உயரத்தில் தளம் இருக்கிறதா? நான்கு, எங்கள் ஊர்ப் பட்டறையில் பழுது பார்க்க முடியுமா? ஐந்து, மோதினால் ஓட்டுபவரின் முழங்காலுக்கு முன்னால் என்ன இருக்கிறது?

ஐந்தாவது கேள்விதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. இஞ்சினை இருக்கைக்கு அடியில் வைத்தால் உள்ளிடம் கூடும் என்று மேலே எழுதினேன். அந்த இடம் எங்கிருந்து வந்தது? முன்னால் நசுங்குவதற்காக இருக்க வேண்டிய இடத்திலிருந்து எடுக்கப்பட்டது. மூக்குள்ள வண்டி மோதும்போது முதலில் மூக்கு மடங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. மூக்கில்லாத வண்டியில் அந்த வேலை ஓட்டுநரின் காலுக்கு வந்துவிடுகிறது. ஜப்பானியக் குடும்ப வேன்கள் 1990ஆம் ஆண்டுகளில் இந்த அமைப்பைக் கைவிடத் தொடங்கின. ஹோண்டாவின் ஸ்டெப்வேகன் 1996இல் முன்சக்கர இயக்கத்தோடும் மூக்கோடும் வந்தது. நிசானின் சொந்தச் செரினாவே 1999இல் அதே வழிக்கு மாறியது.

இன்னொன்றும் உண்டு. பின்னிருக்கையில் இருப்பவர்களும் வார் அணிய வேண்டும் என்ற விதி நம் நாட்டில் 2009 ஜனவரி 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. எங்கள் வேனட்டின் பின்னிருக்கைகளில் இருப்பது இடுப்பு வார் மட்டுமே. பலகை விரித்துவிட்டால் அதுவும் அடியில் புதைந்துவிடும். சிறு வயதில் ஓடும் வண்டியில் பலகை மேல் படுத்துக்கொண்டே மாரான் வரை போயிருக்கிறோம். அதை எவ்வளவு ஆனந்தமாக நினைத்துக்கொள்கிறேனோ அவ்வளவு நடுக்கமாகவும் இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

பார்த்த வண்டிகள்

முதலில் அண்ணன் சொன்னது பெரிய வண்டி. டொயோட்டா ஹையேஸ் அல்லது நிசான் அர்வான். படுப்பதற்கு இவற்றை மிஞ்ச எதுவும் இல்லை. நான்கு பேர் தாராளமாக நீட்டிப் படுக்கலாம். டீசல் இஞ்சின் மலையைப் பொருட்படுத்தாது. ஆனால் விலை அதிகம். எங்கள் தாமான் வீட்டு வாசலில் நிறுத்தினால் கேட்டை மூட முடியாது. இவற்றிலும் முன்னிருக்கைக்காரர் இஞ்சின் மேல்தான் உட்கார வேண்டும். இருவர் பயணத்துக்கு ஹையேஸ் வாங்குவது கொசுவை அடிக்க உலக்கை எடுப்பது போல.

அக்கா சொன்னது ஏழு பேர் வண்டிகள். 2009இல் வந்த புரோட்டோன் எக்சோரா, அதே ஆண்டு முதலில் வந்து 2022இல் புத்துருவம் பெற்ற பெரோடுவா அல்சா, டொயோட்டா அவான்சா. பாதுகாப்பில் புதிய அல்சாவுக்கு முதல் மதிப்பெண். ஆசியான் என்கேப் மோதல் சோதனையில் 5 நட்சத்திரம் பெற்றது. ஓட்டச் சுகம், பெட்ரோல் சிக்கனம், எங்கும் கிடைக்கும் உதிரிப்பாகம் என்று எல்லாம் இருக்கிறது. தூக்கம்தான் இல்லை. இருக்கைகளை மடக்கினால் தளம் படிக்கட்டு போல ஏறி இறங்குகிறது. பலகை வைத்துச் சமன் செய்யலாம். அப்படிச் செய்தால் தலைக்கும் கூரைக்கும் இடையில் உட்கார இடம் இராது. பக்கக் கதவும் தள்ளு கதவன்று. நான்கு நாள் பயணத்தில் ஓர் இரவு சமாளிக்கலாம். மூன்றாம் இரவு அப்பா பாயை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்.

அடுத்தது ஜப்பானிலிருந்து வரும் ரீகான் வண்டிகள். செரினா, ஸ்டெப்வேகன் போன்றவை. இவற்றின் தள்ளு கதவு பொத்தானைத் தொட்டால் திறக்கும். முன்னிருக்கையிலிருந்து பின்னால் நடந்து போகலாம். இருக்கைகளைச் சாய்த்தால் மெத்தென்ற படுக்கை கிடைக்கும். நானும் மயங்கினேன். பிறகு எங்கள் வழக்கமான மெக்கானிக் அண்ணனிடம் கேட்டேன். "வாங்கலாம் தங்கச்சி. ஆனா கியர்பாக்ஸோ கதவு மோட்டாரோ போச்சுன்னா என்கிட்ட கொண்டாராதே" என்றார். இருட்டில் மலை நடுவே நிற்காமல் இருப்பதற்காகத்தான் வண்டி மாற்றுகிறோம். பட்டணத்துப் பட்டறையை நம்பியிருக்கும் வண்டி எங்கள் ஊருக்கு எவ்வளவு தூரம் பொருந்தும்?

நான்காவது டைஹாட்சு கிரான் மேக்ஸ். 2007இல் இந்தோனேசியாவில் அறிமுகமான சிறு வேன். இதுதான் வேனட்டுக்கு நெருங்கிய சொந்தம். இஞ்சின் முன்னிருக்கைக்கு அடியில், இழுப்பது பின்சக்கரம், நீளம் சுமார் 4 மீட்டர்தான், பின்னால் பெட்டி போலச் சதுரமான இடம். ஒரு வேடிக்கை பாருங்கள். ஒரு காலத்தில் ஜப்பானில் வேனட் என்ற பெயரில் விற்கப்பட்டது மஸ்டா போங்கோ என்று மேலே சொன்னேன் அல்லவா? அதே ஜப்பானில் 2020 முதல் போங்கோ என்ற பெயரில் விற்கப்படுவது இந்தக் கிரான் மேக்ஸ்தான். டொயோட்டா டவுன் ஏஸ் என்ற பெயரிலும் அங்கே விற்கிறார்கள். பலர் அதில் படுக்கை அமைத்து ஊர் சுற்றுகிறார்கள். எளிமை, மலிவு, பழுது பார்க்கும் வசதி ஆகியவற்றில் இதற்கே என் வாக்கு. ஆனால் அப்பாவைப் பழைய வண்டியிலிருந்து இறக்கியதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று இருக்கைக்கு அடியில் சூடு. மற்றது முழங்காலுக்கு முன்னால் வெறும் தகரம். இந்த இரண்டுக்கும் கிரான் மேக்ஸில் முழுப் பதில் இல்லை.

ஐந்தாவது நிசான் என்வி200. 2009இல் ஜப்பானில் வெளிவந்தது. நம் நாட்டில் சி22இன் இடத்துக்கு வந்ததும் இதுதான். ஜப்பானில் இதன் முழுப் பெயரே 'என்வி200 வேனட்'. படுக்கைப் பலகையோடு கூடிய வகைகளையும் அங்கே நிசான் விற்றிருக்கிறது. இஞ்சின் முன்னால், மூக்குக்குள். 1.6 லிட்டர். நீளம் சுமார் 4.4 மீட்டர். எங்கள் கேட்டுக்குள் அடங்கும். பின்தளத்தின் நீளம் சுமார் 2 மீட்டர். அப்பா காலை நீட்டலாம். இரண்டு பக்கமும் தள்ளு கதவு. முன்சக்கர இயக்கம் என்பதால் அடியில் பின்சக்கரத்துக்குப் போகும் தண்டு இல்லை. அதனால் தளம் தாழ்வாக இருக்கிறது. அம்மா முக்காலி இல்லாமல் ஏறலாம்.

குறைகளையும் சொல்கிறேன். சக்கர மேடுகளுக்கு இடையே அகலம் சுமார் 1.2 மீட்டர்தான். மேடுகளுக்கு மேல் பலகை போட்டால்தான் இருவர் நெருக்கமில்லாமல் படுக்க முடியும். உட்காரலாம், நிற்க முடியாது. பின்னால் பாரம் ஏற்றி, மழை பெய்த புல் திடலில் நிறுத்தினால் முன்சக்கரம் வழுக்கும். வேனட் சிரித்துக்கொண்டே ஏறிய சேற்றில் இது திணறும். சரக்கு வேனாகப் பதிவானதென்றால் பின்னால் ஆள் ஏற்ற முடியாது. ஆகவே வாங்கும் முன் பதிவுப் பத்திரத்தில் எந்த வகை என்று எழுதியிருப்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கூரையை அறுத்து உயர்த்துவது, இருக்கைகளை நிலையாக நீக்குவது போன்ற மாற்றங்களுக்குச் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதி தேவை. நம்மைப் போன்றவர்களுக்குத் தச்சர் செய்து தரும், கழற்றி மாட்டும் பலகையே போதும்.

எந்த வண்டி வாங்கினாலும் ஒன்றை மறக்கக் கூடாது. குளிர்சாதனத்துக்காக இஞ்சினை ஓடவிட்டுக் கதவை மூடிக்கொண்டு தூங்கக் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உள்ளே கசிந்தால் தூங்குபவர் விழிக்கவே மாட்டார். வேனுக்குள் அடுப்பு மூட்டுவதும் அதே ஆபத்துதான். சன்னலை இரண்டு விரல் திறந்து, கொசுவலை ஒட்டி, மின்கலத்தில் ஓடும் சிறு விசிறி ஒன்றை வைத்துக்கொள்வதே நல்லது.

கொம்பி சொல்லும் பாடம்

'என்வி200 நல்ல வண்டியா இருக்கலாம். ஆனா அது வேனட் இல்ல' என்று அக்கா குழுவில் எழுதினாள். இந்த வாக்கியத்தை உலகத்தில் முதலில் சொன்னவள் அவள் அல்லள். படுக்கை வேன்களின் பாட்டனாகிய வோல்க்ஸ்வேகன் கொம்பியின் வரலாற்றைப் படித்தபோது அது தெரிந்தது.

நெதர்லாந்தைச் சேர்ந்த பென் போன் என்ற வணிகர் 1947இல் குறிப்பேட்டில் கிறுக்கிய ஒரு பெட்டிப் படத்திலிருந்து பிறந்தது கொம்பி. 1950இல் ஜெர்மனியில் உற்பத்தி தொடங்கியது. அடுத்த ஆண்டே வெஸ்ட்ஃபாலியா என்ற நிறுவனம் அதில் படுக்கையும் அலமாரியும் பொருத்தத் தொடங்கியது. பின்பக்கம் இஞ்சின், முன்பக்கம் தட்டை முகம். 1990இல் வந்த நான்காம் தலைமுறையில் இஞ்சினை முன்னால் கொண்டுவந்து மூக்கு வைத்தார்கள். பழைய வண்டியின் காதலர்கள் பலருக்கு அது மனக்குறை. இன்று அந்த நான்காம் தலைமுறை வண்டியையே பழம்பொருளாகப் போற்றித் தேடி வாங்குகிறார்கள்! பிரேசில் நாட்டில் மட்டும் பழைய கொம்பி 2013 டிசம்பர் வரை தொடர்ந்து உற்பத்தியானது. 2014 முதல் எல்லாப் புதிய வண்டிகளிலும் காற்றுப்பையும் ஏ.பி.எஸ். பிரேக்கும் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அவற்றைப் பொருத்த அந்தப் பழைய உடலில் வழியில்லை. அதோடு கொம்பியின் கதை முடிந்தது. உலகமே நேசித்த வண்டிக்கும் ஒருநாள், "இனி உன்னை நம்பி ஆள் ஏற்ற முடியாது" என்று சொல்ல வேண்டியிருந்தது.

எத்தனை பேருக்குப் படுக்கை?

ஒப்பிட்டு முடித்த பிறகுதான் எனக்கு ஓர் உண்மை உறைத்தது. நாங்கள் மூவரும் ஏழு பேர் வண்டி, நான்கு பேர் படுக்கை என்றே பேசிக்கொண்டிருந்தோம். யாருக்காக? பாட்டி 2017இல் காலமாகிவிட்டார். அக்கா தீபாவளிக்கு வந்தால் இரண்டு நாள். அண்ணன் பினாங்குத் தைப்பூசத்துக்குத் தன் காரில், நண்பர்களோடு வருகிறான். எனக்குத் தேர்வு, வகுப்பு, மன்ற வேலை. கடந்த மூன்று ஆண்டுகளில் வேனட்டில் படுத்துத் தூங்கியவர்கள் இரண்டே பேர். அப்பா, அம்மா. இல்லாத குடும்பத்துக்காக நாங்கள் வண்டி தேடிக்கொண்டிருந்தோம்.

'விக்காதீங்க' என்று சொல்வது எங்களுக்கு எளிது. அந்தச் சொல்லுக்கு நாங்கள் ஒரு காசும் கொடுப்பதில்லை. சாலை வரி அப்பா கட்டுகிறார். காப்புறுதி அப்பா கட்டுகிறார். ஆவி கிளம்பும்போது தண்ணீர்ப் போத்தலோடு ஓடுபவரும் அவர்தான். நாங்கள் வீட்டுக்கு வரும்போது வாசலில் வேனட் நிற்க வேண்டும், அதைப் பார்த்துச் சிறுபிள்ளைகள் ஆக வேண்டும். அதற்காக 61 வயது மனிதர் சூடான இஞ்சின் மேல் உட்கார்ந்து மலை ஏற வேண்டும். இதற்குப் பாசம் என்று பெயர் வைத்துக்கொண்டோம். எனக்கு இப்போது அது கொஞ்சம் சுயநலமாகத்தான் தெரிகிறது.

நம்மைப் போன்ற மாணவர்களில் பலர் வீட்டில் முதல் பட்டதாரிகள். வங்கிக் கடன், காப்புறுதி, கைப்பேசி, வண்டி என்று எதுவாக இருந்தாலும் பெற்றோர் நம்மிடம் கேட்கிறார்கள். 'நீ பார்த்துச் சொல்லு' என்ற அந்த நம்பிக்கைக்கு உரிய பதிலைக் கொடுக்க வேண்டுமானால், நம் நினைவுகளை ஒரு பக்கம் வைத்துவிட்டு அவர்கள் இன்று வாழும் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். யார் ஓட்டுகிறார்? எவ்வளவு தூரம்? எத்தனை பேர் உறங்குகிறார்கள்? வண்டி நின்றால் யார் வருவார்? இந்த நான்குக்கும் பதில் எழுதினால் எந்த வண்டி என்பது தானாகத் தெரிந்துவிடும்.

2025 பங்குனி உத்திரத்துக்குக் கடைசி முறையாக வேனட்டில் மாரான் போனோம். அக்காவும் அண்ணனும் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார்கள். சிம்பாங் பூலாய் இரவைப் பற்றி நான் முன்பே இருவரிடமும் சொல்லியிருந்தேன். அதன் பிறகு குழுவில் யாரும் அழுகிற முகம் போடவில்லை. போகும் வழியெல்லாம் அண்ணன்தான் ஓட்டினான். இறங்கியதும் சட்டையை முதுகிலிருந்து பிய்த்தெடுத்துக்கொண்டே, "இந்தச் சூட்டுலயா அப்பா தனியா ஓட்டுறாரு?" என்று என்னிடம் மட்டும் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை.

திரும்பி வந்த வாரம், ஈப்போவில் பழைய வண்டிகள் விற்கும் இடத்துக்கு அப்பா, அம்மாவோடு நானும் போனேன். அங்கே என்வி200 ஒன்று நின்றது. அப்பா முன்னிருக்கையில் ஏறி, பழக்கத்தில் இருக்கையின் அடியைத் தட்டிப் பார்த்தார். அங்கே இஞ்சின் இல்லை. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் ஏறினார். விற்பவர் பார்க்கப் பார்க்க வெறும் தளத்தில் மல்லாந்து படுத்தார். காலை நீட்டினார். பிறகு தலையைத் தூக்கி அப்பாவைக் கூப்பிட்டார்.

"இங்க வந்து படுத்துப் பாருங்க. எடம் இருக்கு."

தவணையை நாங்கள் மூவரும் பங்கு போட்டுக்கொள்வதாக முடிவாகியிருக்கிறது. படிப்பு முடியும் வரை என் பங்கு மாதம் 50 ரிங்கிட். பகுதி நேர வேலையில் அது வந்துவிடும். ஒட்டுப்பலகைகளை மட்டும் அப்பா விற்கவில்லை. புதிய அளவுக்கு அறுத்துத் தரும்படி தச்சரிடம் கொடுத்திருக்கிறார்.